சீசன்ல வாறோம்

அன்றைக்குப் பூ வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் சங்கரேஸ்வரி மண்டபத்து வாசலை விட்டு நகரவில்லை. முப்பதடி ஆர்ச்சின் உச்சியில் அவள் புருஷன் உச்சிமாகாளி சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நின்றாள். ஏணி பிடிப்பதற்கென்றே சுடலைமாடன் என்று ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறான். அவன் பக்கத்தில் சும்மா நின்று பாக்கு மென்றுகொண்டிருந்தான். "நீங்க போய்ச் சாப்பிடுங்கக்கா, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டான். பசிக்கவில்லை என்று அவளும் மூன்று தரம் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒரு வாய் காப்பிதான் போயிருந்தது.

உச்சிமாகாளி இறங்க ஆரம்பித்தார். நாலாவது படியில் இடது கால் ஒரு சாண் தள்ளிப் போய் வெறும் காற்றைத் துழாவியது. ஒரு தரம், இரண்டு தரம். "வலத்த... இன்னும் கொஞ்சம் வலத்த" என்றாள் சங்கரேஸ்வரி. கால் படியைக் கண்டுபிடித்தது. தரையில் இறங்கியதும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சத்தமா சொல்லாதட்டி, அவன் நிக்கான்லா" என்றார். அவள் சத்தமாகச் சொல்லவே இல்லை.

தென்காசிப் பக்கம் கல்யாணம் நடத்தியவர்கள் யாருக்கும் இந்த ஜோடியைத் தெரியாமல் இருக்காது. மேடைக்கு வெளிச்சம் அவர், பூ அவள். சங்கரேஸ்வரி சுரண்டை மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தவரின் மகள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கழுத்தை நீட்டியபோது உச்சிமாகாளியிடம் இருந்தது ஒரு மைக் செட், நாலு டியூப் லைட், ஊரில் ஒருவருக்கும் இல்லாத கோபம். கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டார். நாலாவது நாள் காப்பியில் சீனி குறைவு என்று ஆரம்பிப்பார். அத்தோடு சண்டை முடிந்தது என்று அர்த்தம். இந்த மனுஷனோடு குப்பை கொட்ட அவள் பழகிக்கொண்டாள். மணப்பெண்ணுக்கு ஜடை தைக்கிறதில் தொடங்கி மேடை அலங்காரம் வரைக்கும் வந்தாள். ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

கண் விஷயம் இரண்டு வருஷமாக. முதலில் பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாறினார். பிறகு பக்கத்தில் நிற்கிற ஆளையே இடித்தார். திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் விழித்திரையில் கோளாறு, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார். ஓரப் பார்வை போய்விட்டது. நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம், பைப்புக்குள்ளே பார்க்கிற மாதிரி. கடைசியாகப் போனபோது, அந்த வட்டமும் இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார். இது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும், மகனுக்குக்கூடத் தெரியாது. லைட் செட்காரனுக்குக் கண் இல்லை என்று வெளியே தெரிந்தால் யார் ஏணியில் ஏற விடுவார்கள்? ஏணியில் ஏறாவிட்டால் தான் யார் என்பது அவர் கேள்வி. விழுந்தால் என்ன ஆகும் என்பது அவள் கேள்வி. இரண்டுக்கும் பதில் இல்லாமலே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இதற்கு நடுவில்தான் கடல் வந்து சேர்ந்தது. வீடியோ எடுக்கிற பால்வண்ணநாதன் ஒருநாள் மதியம் மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கையில் போனில் ஸ்கூபா டைவிங் வீடியோ ஒன்றைக் காட்டினார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆட்கள் கடலுக்கு அடியில் போகிறார்கள். நீலமும் மஞ்சளுமாக மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்புகின்றன. போன் திரை உச்சிமாகாளியின் வட்டத்துக்குள் முழுசாக அடங்கிவிட்டது போலிருக்கிறது. ஏழு தரம் போட்டுப் பார்த்தார். "கரண்டு இல்லாம மின்னுது பாரேன்" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்.

"இத ஒரு தடவ நேர்ல பாத்துருதேன் ஈஸ்வரி. பாத்துட்டு வந்து நானே எல்லார்ட்டயும் சொல்லிருதேன். ஏணியையும் விட்டுருதேன். அதுவரைக்கும் ஒரு வார்த்த வெளிய போகக் கூடாது."

அவள் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் தனக்கென்று கேட்டது இந்த ஒன்றுதான். டாக்டரிடமும் கேட்டார்கள். "கடலுக்குள்ள போங்க, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்கும். ஏணிதான் கூடவே கூடாது" என்றார் டாக்டர். உச்சிமாகாளி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

இனி வழி எளிது என்று அவள் நினைத்தாள். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. சமையல், பந்தல், பூ, வீடியோ, மேக்கப் என்று கல்யாணத்தை நம்பிப் பிழைக்கிற சங்கத்துப் பதினோரு பேரும் வருஷத்துக்கு ஒருமுறை ஆடியில்தான் சேர்ந்து ஊர் சுற்றப் போவார்கள். சங்கத் தலைவர் சமையல் மாஸ்டர் குற்றாலிங்கம். இந்த வருஷம் டூர் பொறுப்பை சங்கரேஸ்வரியிடம் கொடுத்திருந்தார். ஸ்கூபா என்றதும் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. மேக்கப் போடுகிற ரூபி தாய்லாந்து என்றாள். வேறு யாரோ மாலத்தீவு என்றார்கள். போர்ட் பிளேயரில் தன் சித்தப்பா மகன் இருப்பதால் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று குற்றாலிங்கம் அந்தமானைப் பிடித்துக்கொண்டார். சோறு என்ற சொல்லை அவர் எடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இருந்தாலும் பொறுப்பு தன்னிடம் என்று சங்கரேஸ்வரி மூன்று ஊரிலும் கடலுக்குள் கூட்டிப்போகிற டைவ் கடைகளுக்குப் போன் போட்டாள். விலை கேட்கவில்லை, ரூம் கேட்கவில்லை. தண்ணீர் தெளிவாக இருக்குமா என்பது ஒன்றுதான் அவள் கேள்வி. அந்தமானில் கடை வைத்திருந்தவர் ராமநாதபுரத்துக்காரர், நல்ல தமிழில் பேசினார். "சீசன்ல வாறோம். தண்ணி தெளிவா இருக்கும்லா?" என்று கேட்டாள். "சீசன்லயா? கண்ணாடி மாதிரி இருக்கும்க்கா. இருபது மீட்டர் தூரத்துல உள்ள மீன் தெரியும்" என்றார் அவர். அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்தமான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். குற்றாலிங்கம் மறுநாளே பதினோரு பனியனுக்கு ஆர்டர் கொடுத்தார். முதுகில் பெரிய எழுத்தில் 'தென்காசி டூ அந்தமான்'.

ஆனி கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை குற்றாலத்தில் கூடினார்கள். காலையில் மாஸ்டர் கைச் சாப்பாடு, மத்தியானம் ஐந்தருவிக் குளியல், பிறகு ஒரு லாட்ஜ் ஹாலில் கூட்டம். டிக்கெட்டுக்குப் பெயர்ப் பட்டியலை நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

அருவியில் பெண்கள் பக்கம் ரூபியோடு சங்கரேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். மலையில் நல்ல மழை போலிருக்கிறது. தண்ணீர் நிறம் மாறி செம்மண்ணாகக் கொட்டியது. இலையும் சுள்ளியும் தலையில் விழுந்தன. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியே விரட்டினார். மெட்ராஸ் பக்கமிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் முகத்திலிருந்த மண்ணை வழித்துக்கொண்டே, "சீசன்னு சொன்னாங்களேன்னு வந்தோம். சீசன்ல இப்படியா கலங்கலா இருக்கும்?" என்று அலுத்துக்கொண்டாள்.

"சீசன்னா மழைதானம்மா. மழைன்னா கலங்கத்தான் செய்யும்" என்றாள் சங்கரேஸ்வரி.

சொன்ன வாய் மூடவில்லை. டைவ் கடைக்காரரிடம் தானும் அதே சொல்லைத்தான் சொன்னது நினைவுக்கு வந்தது. தென்காசிக்காரர்களுக்குச் சீசன் என்றால் ஒன்றுதான். ஆனியும் ஆடியும் சாரலும் அருவியும். உலகத்தில் வேறு சீசன் இருக்கலாம் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றாது. அவளுக்கும் தோன்றவில்லை. ஈரச் சேலையோடு துணி மாற்றுகிற இடத்துக்கு ஓடிப் பையிலிருந்து போனை எடுத்து அந்தமான் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சீசன்னா உங்க ஊர்ல எந்த மாசம்?"

"டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்க்கா. ஏன்?"

"நாங்க ஆடியில வாறோம். இன்னும் இருபது நாள்ல."

"அக்கா, அது ஆஃப் சீசன். கடல் கொந்தளிப்பா இருக்கும். படகு எடுப்போமாங்கறதே அன்னன்னைக்குக் காலையிலதான் தெரியும். இறங்கினாலும் நீட்டின கை தெரியாது. நீங்க சீசன்லன்னு சொன்னீங்களேக்கா" என்றார்.

"நான் சீசன்லன்னுதான் தம்பி சொன்னேன்" என்றாள் அவள். அழுகை வந்துவிட்டது.

நல்ல மனுஷன். தன் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று வழி சொன்னார். ஆடியில்தான் வர முடியும் என்றால் இலங்கையில் திருகோணமலைக்குப் போங்கள், அந்தப் பக்கம் கடல் இப்போதுதான் அமைதியாக இருக்கும், தண்ணீரும் தெளிவு, பேசுவதும் தமிழ் என்றார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். போன வருஷம் மலேசியா போவதாகப் பதினோரு பேரும் பாஸ்போர்ட் எடுத்து, ஆவணி முதல் வாரமே குற்றாலிங்கம் மகள் கல்யாணம் என்று முடிவானதில் அது நின்றுபோனது. பாஸ்போர்ட்டெல்லாம் பீரோவில் தூங்குகிறது.

அவள் ஹாலுக்குள் நுழையும்போது மணி மூன்று. பனியன் மூட்டை பிரித்துக் கிடந்தது. நாலைந்து பேர் போட்டும் பார்த்துவிட்டார்கள். உச்சிமாகாளி ஜன்னல் பக்கம் நாற்காலியில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். யாரும் இடிக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் உட்காருவார்.

"அண்ணாச்சி, அந்தமான் வேண்டாம். தப்பு பண்ணிட்டேன்" என்றாள். சீசன் கதையைச் சொன்னாள். திருகோணமலையைச் சொன்னாள்.

குற்றாலிங்கம் பனியனைத் தூக்கிக் காட்டினார். "சட்ட அடிச்சாச்சு தாயி."

"சட்டைய மாத்திக்கிடலாம் அண்ணாச்சி."

"என் தம்பி அங்கன ஆட்டுக்கே சொல்லி வச்சிட்டான். கலங்கலா இருந்தா என்ன, நாம என்ன மீன எண்ணவா போறோம்? படகு போகலன்னா ரூம்ல இருந்து சீட்டாடுவோம்" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். "மதினிக்கு மீன் பாக்கணும்னா சுரண்டை மார்க்கெட்டுல பாக்கட்டும்" என்றார் பால்வண்ணநாதன். அதற்கும் சிரித்தார்கள். அவள் புருஷனும் சேர்ந்து சிரித்தது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"தண்ணி தெளிவா இருக்கும்னு சொன்னதாலதான நான் அந்தமான்னு எழுதிக் கொடுத்தேன்" என்று மறுபடியும் ஆரம்பித்தாள். ரூபி மட்டும், "அக்கா சொல்லுததக் கேளுங்களேன்" என்றாள். கடிகாரத்தில் மூன்றே முக்கால். குற்றாலிங்கம் பெயர்ப் பட்டியலை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விட்டால் இன்னும் கால் மணி நேரத்தில் அந்தமான் முடிவாகிவிடும். அங்கே போய் உச்சிமாகாளி ஒரு லாட்ஜ் ஜன்னலில் மழையைப் பார்த்துவிட்டு வருவார்.

குற்றாலிங்கம் உச்சிமாகாளியைப் பார்த்து, "நீரு சொல்லும்வே. உம்ம வீட்டம்மா ஒத்தக்கால்ல நிக்கா" என்றார்.

உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார். அவருக்கும் விஷயம் புரிந்துதான் இருந்தது. ஆனால் பதினோரு பேர் பொழுதைத் தன் கண்ணுக்காகத் திருப்புகிற ஆள் இல்லை அவர். "எல்லாரும் அந்தமான்னா அந்தமானே போவோம். ஒண்ணும் குடி முழுகிறாது. தெளிஞ்ச தண்ணிய அடுத்த ஆடியில பாத்துக்கிடலாம்" என்றார்.

அடுத்த ஆடி. அப்படியானால் இன்னும் ஒரு வருஷம் ஏணி. முப்பதடி ஆர்ச், காற்றைத் துழாவுகிற கால், கீழே அவள். அந்த ஒரு வருஷத்தை அவளால் தாங்க முடியாது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அடுத்த ஆடியில இவுகளுக்குக் கண்ணு இருக்காது" என்றாள்.

தொடங்கிவிட்ட பிறகு நிறுத்தவும் முடியவில்லை. டாக்டர் சொன்னது, ஓரப் பார்வை, ஏணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உச்சிமாகாளி எழுந்தார். கதவைப் பார்த்து நடந்தவர் வழியில் கிடந்த நாற்காலியில் முழங்காலை இடித்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு வெளியே போனார். பனியன் போட்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எத்தன நாளா?" என்றார் குற்றாலிங்கம்.

"ரெண்டு வருசமா அண்ணாச்சி."

"அப்ப எம் மக கல்யாணத்துல ஆர்ச்சு கட்டுனது?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் முகம் சிவந்துவிட்டது. "கீழ பந்தியில ஐநூறு பேரு உக்காந்திருந்தாங்க. நீயும் சேந்து மறைச்சிருக்கியே தாயி. அவன் விழுந்து செத்தா நாங்க என்னன்னு மனச ஆத்திக்கிடுவோம்?" என்று கத்தினார். கத்தியதில் பாதி கோபம், பாதி பயம். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். பிறகு அவர் போனை எடுத்து போர்ட் பிளேயர் தம்பியிடம், "ஆட்ட அவுத்து விட்டுரு" என்று மட்டும் சொன்னார். திரும்பி அவளிடம், "திருகோணமலை. ஆனா இனிமே அவன் ஏணியில கால் வச்சான்னா அந்தக் கல்யாணத்துல நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். போய்ச் சொல்லு" என்றார்.

உச்சிமாகாளி வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நின்றார்.

"நானே சொல்லுதேன்னேன்லா" என்றார்.

"சொன்னிய."

"கையில அடிச்சியே ஈஸ்வரி."

"அடிச்சேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்று நாள் ஆயிற்று, நாலாவது நாள் காப்பியை மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். சீனி போடாமலே ஒருநாள் கொடுத்துப் பார்த்தாள். அதையும் குடித்தார். ஒரு வாரம், இரண்டு வாரம். சுடலைமாடன் வந்து ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டு போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, வேனில் ஏழு மணி நேரம் போய்த் திருகோணமலையில் இறங்குகிற வரைக்கும் அவளிடம் ஒரு சொல் இல்லை. அங்கே பதினோரு பேரும் 'தென்காசி டூ அந்தமான்' என்று முதுகில் எழுதிக்கொண்டு நடந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது.

படகில் அவள் உட்கார்ந்திருந்தாள். கடல் அசையாமல் கிடந்தது. உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் அவர் விளிம்பில் உட்கார்ந்தார். டைவ் கடைப் பையன் கையைப் பிடித்துக்கொள்ள, சாய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டார். நீர்க்குமிழிகள் மட்டும் மேலே வந்தன. குமிழி வருகிற இடத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒருவேளை அங்கேயும் கலங்கலாக இருந்தால் என்ன செய்வது? ஒருவேளை எல்லாம் தெளிவாக இருந்து, அவர் வட்டத்துக்குள் ஒரு மீனும் வராமல் போனால்? சத்தியத்தை உடைத்ததற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஏணி பிடித்து நின்ற எந்த நாளும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் தலை மேலே வந்தது. முகமூடியைக் கழற்றினார். அவளைத் தேடித் தலையை இடமும் வலமும் முழுசாகத் திருப்பினார். கண்டுபிடித்ததும் அப்படியே மிதந்தார்.

"ஓரமெல்லாம் இருட்டாத்தான் இருந்துச்சு" என்றார். "நடுவுல இருந்தது போதும்."

அவ்வளவுதான் சொன்னார். படகில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி இருக்கிறதா என்று கேட்டார். பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். சீனி குறைவு என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தம் தென்காசியில். சுடலைமாடன் ஏணியில் நின்றான். உச்சிமாகாளி வாசலுக்கு நேரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நீலச் சரம் கீழே, மஞ்சள் மேலே, ஒரே இடத்தில் கூட்டமாக வேண்டாம், திரும்பிப் போகிற மாதிரி வளைத்துக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று சுடலைமாடனுக்குப் புரியவில்லை. மேடையில் பூ வைத்துக்கொண்டிருந்த சங்கரேஸ்வரிக்குப் புரிந்தது. பொழுது சாய ஸ்விட்சைப் போட்டார்கள்.

"ஈஸ்வரி, இங்கன வா" என்று கூப்பிட்டார். வந்தாள்.

"ஓரத்துல எல்லாம் எரியுதாட்டி? எனக்கு நடு மட்டுந்தான் தெரியுது."

சுடலைமாடன் ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பந்தல்காரர்கள் நாலு பேர் கேட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"இடது ஓரத்துல கடைசிச் சரம் எரியல" என்றாள் அவள், சத்தமாகவே.